ஒன்பது காய்ச்சலும் ஒரு விரலிடுக்கும்: மீண்டும் மீண்டும் வரும் கால் தொற்று குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அரசலாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த 46 வயதுப் பெண், ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், மகனின் பைக்கில் அவர் முதுகில் சாய்ந்தபடி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நாற்றுப்பறி, நடவு, களையெடுப்பு என்று ஆண்டில் பாதிக்குமேல் வயலில் நிற்கும் விவசாயக் கூலித் தொழிலாளி அவர். முந்தைய நாள் மாலை நாற்றங்காலில் குனிந்திருந்தபோதே குளிர் உதறத் தொடங்கியதாகவும், இரவில் வலது தொடையிடுக்கில் நெறி கட்டியதாகவும், விடிவதற்குள் கால் சிவந்து கனத்துவிட்டதாகவும் கூறினார். காய்ச்சல் 103.4 டிகிரி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. வலது பாதத்திலிருந்து முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே வரை தோல் சிவந்து மினுமினுத்தது, தொட்டால் சுட்டது. "போன தடவை வந்த டைபாய்டு முழுசா போகல போலிருக்கு டாக்டரம்மா" என்றார் மகன்.

டெல்டாவில் பணியாற்றும் எவருக்கும் இந்தக் கால் புதிதன்று. ஆகவே நோய் அரிதானது என்று கருதி இதை எழுதவில்லை. ஒரே நோய், அதாவது தோலுக்கடியில் பரவும் பாக்டீரியாத் தொற்றான செல்லுலைட்டிஸ், ஒன்பது முறை வந்து, ஒன்பது வெவ்வேறு காய்ச்சல்களாகப் பார்க்கப்பட்டது எப்படி என்பதும், அவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு சிகிச்சை எப்படி மாறியது என்பதுமே எழுதத் தூண்டின. நோயாளியின் சம்மதம் பெற்று, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

சீட்டுகளை அடுக்கியபோது

அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் கடந்த இரண்டு ஆண்டுகளின் சீட்டுகள் ஈரம் பட்டு ஒட்டிக்கிடந்தன. அவற்றில் இரண்டு, வைடால் பரிசோதனையின் ஒற்றை அளவை வைத்து டைபாய்டு என்று எழுதப்பட்டவை. இரண்டிலும் 1:80 என்ற அளவே இருந்தது. டைபாய்டு பரவலாக உள்ள நம் பகுதியில் நலமாக இருப்பவரிடமும் காணக்கூடிய அளவு அது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. ஒரு சீட்டில் டெங்கு சந்தேகம். மூன்று முறை மருந்துக் கடையில், பல மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டித் தரும் 'செட்' மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். அவற்றுக்குச் சீட்டே இல்லை. இன்னொரு சீட்டில், முந்தைய ஆண்டு ஆவணித் தேதியிட்டு, 'வைரல் காய்ச்சல், பாராசிட்டமால், மூன்று நாள்' என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

அந்த நாள் எனக்கு நினைவில்லை. புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்ற காலை நேரமாக இருந்திருக்கும். அவர் குளிர்காய்ச்சல் என்று சொன்னார். நான் தொண்டையையும் நெஞ்சையும் பார்த்தேன். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை. அவரும் காட்டவில்லை. இந்த நோயில் குளிர் உதறலும் நெறிக்கட்டும் முதலில் வந்து, கால் சிவப்பது பல மணி நேரம் கழித்துத் தெரிவது உண்டு என்பதால், முதல் நாளே ஓடி வருபவர்தான் தவறான பெயருடன் திரும்பும் வாய்ப்பு அதிகம். காலத்தோடு வருவதற்குக் கிடைக்கும் தண்டனை போன்றது இது.

தேதி கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன வேலை நடந்தது என்று கேட்டபோது ஒன்றையும் தவறவிடாமல் சொன்னார். செவிலியர் ஒரு தாளில் தமிழ் மாதங்களைக் கோடு போட்டு எழுத, அவர் சொல்லச் சொல்ல நிரப்பினோம். முதல் ஆண்டு ஆவணியில் சம்பா நடவின்போது, கார்த்திகையில் களையெடுப்பின்போது. அடுத்த பங்குனியில் கோயில் காவடிக்கு வெறுங்காலில் நடந்து கொப்புளம் கண்ட மறுநாள். இரண்டாம் ஆண்டு ஆனி, ஆவணி, ஐப்பசி. பிறகு மாசியில் கருவேல முள் குத்தி. இந்த ஆண்டு ஆடியில் ஒன்று, இப்போது ஐப்பசியில் ஒன்று. இருபத்தாறு மாதங்களில் ஒன்பது. இவற்றில் ஏழு, வயலில் தண்ணீர் நிற்கும் ஆனி முதல் கார்த்திகை வரையிலான மாதங்களில் வந்தவை. மீதி இரண்டுக்கும் பாதத்தில் ஏற்பட்ட காயம் தெளிவான காரணமாக இருந்தது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவு தொடங்கும் கணக்கும் இவருக்குக் காய்ச்சல் தொடங்கும் கணக்கும் ஒன்றாக இருந்தன. ஒன்பது முறையும் அதே வலது கால்தான், அதே தொடையிடுக்கில்தான் நெறி. இடது காலில் ஒருமுறைகூட வரவில்லை.

விரலிடுக்கு

வலது பாதம் பார்வைக்கே சற்றுப் பருத்திருந்தது. பதினோரு ஆண்டுகளாக மாலையில் வீங்கி, காலையில் வடியும் கால் அது. கடந்த இரண்டு ஆண்டுகளாக முழுதாக வடிவதே இல்லை என்றார். கணுக்காலுக்குப் பத்து செ.மீ. மேலே சுற்றளவு வலப்புறம் 31.5 செ.மீ., இடப்புறம் 24 செ.மீ. விரல்களைப் பிரித்துப் பார்த்தபோது, சுண்டுவிரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து, தண்ணீரில் கிடந்த அவல்போல் ஊறி, நடுவில் ஒரு கோடாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் மஞ்சள்தூளும் சேறும் கலந்து காய்ந்திருந்தன. இரண்டாம் விரலின் மெட்டி, வீக்கத்தில் இறுகித் தோலுக்குள் பதிந்திருந்தது. அதைச் சற்று நகர்த்தியபோது அடியிலிருந்து கறுத்த சேறும் துர்நாற்றமும் வந்தன.

சேற்றுப்புண் என்று நம் ஊரில் பேச்சுவாக்கில் சொல்லி விடுகிறோம். நடவுக்குப் போகிறவர்களில் அது இல்லாதவரைக் காண்பது அரிது என்பதால், நோயாளியும் அதைச் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. விரலிடுக்கில் பூஞ்சை படர்ந்து தோல் ஊறிப் பிளக்கும்போது, அந்தப் பிளவு வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் தோலுக்கடியில் நுழைகின்றன. நிணநீர் (திசுக்களில் ஊறி, தனி நாளங்கள் வழியாக வடியும் திரவம்) சீராக வடியும் காலில் இவற்றைப் பெரும்பாலும் உடலே சமாளித்துவிடும். நிணநீர் தேங்கி நிற்கும் காலில் அது முடிவதில்லை. தேங்கிய திரவம் கிருமிக்கு விருந்தாகிறது. இவர் கடையில் வாங்கிப் பூசிவந்த களிம்பில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அரிப்பு இரண்டே நாளில் அடங்கியதால் நல்ல மருந்து என்று நம்பியிருக்கிறார்; அடியில் பூஞ்சை தடையின்றிப் பரவியிருக்கிறது.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 17,400, வெறும் வயிற்றுச் சர்க்கரை 188, ஹெச்பிஏ1சி 8.9 சதவீதம்; ஹீமோகுளோபின் 9.2. சர்க்கரை நோய் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீடு தேடி வந்த பகல் நேரங்களில் அவர் வயலில் இருந்திருக்கிறார். காய்ச்சலின்போது கூடும் சர்க்கரையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தாண்டியிருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை. செட் மாத்திரைகளில் பலமுறை சேர்க்கப்படும் ஸ்டீராய்டு, காய்ச்சலை அமுக்கி, சர்க்கரையை ஏற்றி, தொற்றை மறைத்தும் வைக்கும். இவர் விழுங்கியவற்றில் அது இருந்ததா என்பதைச் சீட்டு இல்லாமல் நிறுவ முடியாது, என் ஐயத்தை மட்டும் பதிவு செய்கிறேன்.

யானைக்கால் காய்ச்சலா?

"என் மாமியாருக்கும் இப்படித்தான் வரும், இது யானைக்கால் காய்ச்சல்" என்று அவர் சொன்னது பாதி சரி. கும்பகோணமும் அதைச் சுற்றிய ஊர்களும் யானைக்கால் நோய்க்குப் பெயர் வாங்கியவை. இவர் சிறுமியாக வளர்ந்தது திறந்த சாக்கடையை ஒட்டிய தெருவில். அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் உச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் புழு, நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து அவற்றைக் கெடுக்கிறது. புழு செத்தொழிந்த பிறகும் கெட்ட நாளம் கெட்டதுதான். இரவு பத்து மணிக்குமேல் எடுத்த இரத்தத்தில் நுண்புழு இல்லை; புழுவின் ஆன்டிஜென் பரிசோதனையும் நெகட்டிவ். வீங்கிய காலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் இருக்கும் என்பதால், பரிசோதனை நெகட்டிவ் என்ற காரணத்தால் அந்தப் பழைய கதையை நாங்கள் தள்ளிவிடவில்லை. காலின் சிரை இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி இல்லை என்பதை மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொண்டோம்.

ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் புழு அன்று. வளர்ந்த புழு சாகும்போதும் ஒரு காய்ச்சல் வருவதுண்டு. அது லேசானது, நெறியில் தொடங்கி, கயிறுபோன்ற தடிப்பாகக் கீழ்நோக்கி இறங்கும். இவருக்கு வந்தது பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி ஏறும், உடலை உலுக்கும் பாக்டீரியாத் தொற்று. இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் யானைக்கால் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டதும் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரையை எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. நோய் பரவுவதைத் தடுக்க ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கொருமுறை டி.இ.சி.யும் ஆல்பெண்டசோலும் கொடுத்ததன் பயன் பெரிது. (அதை வாங்கி அலமாரியில் வைத்தவர்களும் நிறைய, இவரும் அவர்களில் ஒருவர்.) இருந்தாலும் விரலிடுக்கில் நுழையும் பாக்டீரியாவை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சியிருக்கும் நிணநீர் நாளங்களில் சிலவற்றைத் தழும்பாக்குகிறது, வீக்கம் கூடுகிறது, வீக்கம் கூடினால் அடுத்த தாக்குதல் விரைவில் வருகிறது. பதினோரு ஆண்டு வீக்கம் கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் வடியாமல் நின்றதற்குக் காரணம் இந்த ஒன்பது காய்ச்சல்கள்தான் என்பது என் கணிப்பு.

எதிர்ப்புச் சக்தி குறைவா?

அவரும் மகனும் கேட்ட முதல் கேள்வி இதுதான். அடிக்கடி தொற்று வந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்றும், அதற்கு டானிக் உண்டா என்றும் கேட்பது வழக்கம். எத்தனை முறை வந்தது என்பதைவிட எங்கெங்கே வந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தில்தான் பழுது: ஒரே நுரையீரல் மடலில் நிமோனியா திரும்பினால் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றும், ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ சிறுநீர்த் தொற்று வந்தால் கல், தேக்கம், சர்க்கரை இருக்கின்றனவா என்றும் பார்க்கிறோம். காது, நுரையீரல், குடல், தோல் என்று பல இடங்களில் மாறி மாறி வந்தாலோ, அரிதான கிருமிகள் கண்டாலோ, குழந்தைக்கு எடை ஏறாமல் இருந்தாலோ, குடும்பத்தில் இளவயதுச் சாவுகள் இருந்தாலோதான் பிறவி எதிர்ப்புக் குறைபாட்டைத் தேட வேண்டும். இவருடைய தாளில் ஒன்பதும் ஒரே காலில் இருந்ததால் எதிர்ப்புப் புரதங்களை அளக்கும் இம்யூனோகுளோபுலின் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, ஹெச்.ஐ.வி. பரிசோதனை மட்டும் செய்தோம், தொற்று இல்லை. இம்யூனோகுளோபுலின் பரிசோதனைக்கு ஆகும் தொகை இவருக்குப் பல நாள் கூலி என்பதையும் நினைத்தே இதைச் சொல்கிறேன்.

சிகிச்சை

ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்தார். செஃபசோலின் மூன்று நாள் ஊசியாகவும், பிறகு செஃபலெக்சின் மாத்திரையாகவும், மொத்தம் பத்து நாள். கால்மாட்டில் கட்டில் காலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். வீட்டில் பாயில் படுப்பவர் என்பதால், அங்கே பழைய போர்வையைச் சுருட்டிக் காலுக்கு வைக்கச் சொன்னோம். சிவந்த காலை உருவிவிடுவதும் இறுகக் கட்டுவதும் அந்த நாட்களில் கூடாது.

அடுத்த தாக்குதலைத் தடுப்பதுதான் உண்மையான சிகிச்சை. அதில் பெரும்பகுதி ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் அடங்கிவிடுகிறது. தினம் இருமுறை சோப்புப் போட்டுக் கால் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய வேட்டித் துணிக் கிழிசலால் ஒற்றி எடுத்து, முழுதாகக் காய்ந்த பிறகு இரவில் பூஞ்சைக்கான விட்ஃபீல்டு களிம்பு பூச வேண்டும். கழுவுவதை எல்லாரும் செய்துவிடுகிறார்கள். துடைப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள், ஈரத்தோடு விட்ட விரலிடுக்கு கழுவாத விரலிடுக்குக்கு ஒப்பானது. செவிலியர் முதல் நாள் செய்து காட்டி, இரண்டாம் நாள் அவரையே செய்ய வைத்து, மூன்றாம் நாள் மருமகளைச் செய்ய வைத்தார்.

மெட்டி பெரிய சிக்கலானது. கழற்றச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "எல்லாம் செய்றேன் டாக்டரம்மா, மெட்டியை மட்டும் கழட்டச் சொல்லாதீங்க" என்றார். கணவர் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதன் பொருள் என்னவென்று எனக்கும் தெரியும் என்பதால் வற்புறுத்தவில்லை. பத்தரிடம் கொடுத்து, வளையத்தின் வாயை அகலமாக விட்டு, விரலிலிருந்து நழுவாமல் மேலேற்றி இறக்கும்படி தளர்த்தி வாங்கி வந்தார்கள். கழுவும்போது மெட்டியை மேலேற்றி அடியில் துடைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து பட்டியலில் சேர்ந்தது.

வயலில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லும் அறிவுரையை நானும் ஒருகாலத்தில் கூறியிருக்கிறேன். முழங்கால் ஆழச் சேற்றில் நடவு நட்டவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவது அடியில் பூட்ஸ் சேற்றில் நிற்க, கால் மட்டும் வெளியே வரும். ஆகவே வேறு மாதிரி பேசினோம். முதல் மூன்று மாதம் நடவுக்குப் போவதில்லை. தை அறுவடைக்குப்பின் காய்ந்த வயலில் உளுந்து, பயறு பறிக்கும் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகலாம். அதன்பின் நடவுக்குப் போனால், இறங்குமுன் விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய், கரையேறியதும் வாய்க்கால் தண்ணீரில் அலசாமல் பம்புசெட் தண்ணீரில் கழுவித் துடைப்பது. இது முழுப் பாதுகாப்பு ஆகாது. வேலையை விடச் சொல்லும் நிலையில் அவரும் இல்லை, நானும் இல்லை.

பென்சத்தின் பென்சிலின் 12 இலட்சம் யூனிட் ஊசியை, தோல் பரிசோதனைக்குப்பின், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கத் தொடங்கினோம். இதற்கு ஆதாரம் உண்டு. காலில் இருமுறையோ அதற்கு மேலோ செல்லுலைட்டிஸ் வந்த 274 பேரிடம் பிரிட்டன், அயர்லாந்து மருத்துவர்கள் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், ஓராண்டு தினமும் இருவேளை பென்சிலின் மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 37 சதவீதத்தினருக்கும் அந்தக் காலத்தில் மீண்டும் தொற்று வந்தது. மருந்தை நிறுத்திய பிறகு அந்த நன்மை மெல்லத் தேய்ந்தது. நிணநீர் வீக்கமும், மூன்றோ அதற்கு மேலோ முந்தைய தாக்குதல்களும் உள்ளவர்களிடம் பலன் குறைவாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இவர் அந்த இரண்டிலும் அடங்குவார். தினமும் இருவேளை மாத்திரை இவரால் தொடர முடியாது என்று நினைத்ததால் ஊசியைத் தேர்ந்தோம்.

அழுத்தக் கட்டு பற்றியும் 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்திருக்கிறது: நாள்பட்ட கால்வீக்கமும் தொடர் தொற்றும் இருந்த 84 பேரில், அழுத்த உறை அணிந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும் அணியாதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் தொற்று திரும்பியது, வேறுபாடு தெளிவானதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். சித்திரை வெயிலில் அந்த உறையை அணிவது எப்படி என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. காலையில் எழுந்தவுடன் முழங்கால்வரை கட்டி, பிற்பகலில் வியர்க்கும்போது கழற்றிவிடலாம் என்று உடன்பட்டோம். அவர் அதைப் பாதி நாட்கள் கட்டியிருப்பார். தையல் மிஷினை மிதிப்பதுபோல் பாதத்தை அசைக்கும் பயிற்சியை மட்டும் தவறாமல் செய்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை.

அதன்பின் பதினான்கு மாதங்கள்

ஒரே ஒரு முறை காய்ச்சல் வந்தது. பத்தாம் மாதம், ஆவணியில், மகளின் பேறுகாலத்துக்காகப் பாபநாசம் பக்கம் போனவர் அங்கேயே ஒன்றரை மாதம் தங்கிவிட்டார். இரண்டு ஊசிகள் தவறின. சம்பந்தி வீட்டு நடவில் கையுதவிக்கும் இறங்கியிருக்கிறார். ஆனால் இம்முறை குளிர் உதறிய அன்றே, அருகிலிருந்த சுகாதார நிலையத்தில் தாமே சேலையைத் தூக்கிக் காலைக் காட்டி, எங்கள் தாளையும் எடுத்து நீட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. முன்பு ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் கூலி போயிருந்தது.

சுற்றளவு 31.5 செ.மீ.யிலிருந்து 29 ஆகியிருக்கிறது, ஹெச்பிஏ1சி 7.1. விரலிடுக்கு காய்ந்து, பிளவு மூடிவிட்டது. வீக்கம் முழுதாக மறையாது என்பதை முதலிலேயே சொல்லியிருந்ததால் அதில் அவருக்கு ஏமாற்றம் இல்லை.

ஓராண்டுக் கணக்குப்படி ஊசியை ஐப்பசியில் நிறுத்தியிருக்க வேண்டும். அடைமழைக் காலத்தின் நடுவில் நிறுத்த மனம் வராமல் கார்த்திகை முடியும்வரை நீட்டித்து, மார்கழியில் நிறுத்தினோம். வயல் காய்ந்திருக்கும் மாசி முதல் வைகாசி வரை ஊசி இல்லாமல் விட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருமுன் ஆனியில் மீண்டும் தொடங்கலாமா என்று யோசித்து வருகிறோம். இப்படிப் பருவத்துக்கேற்ப ஊசி போடுவது எந்த வழிகாட்டலையும் ஒட்டி எழுந்ததன்று, அவருடைய தாளில் இருந்த ஏழு மாதக் கோடுகளைப் பார்த்து எழுந்த எண்ணம். வைகாசிக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறேன். அன்று சுண்டுவிரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்த பிறகே முடிவெடுப்போம்.